குரங்கைக் கூண்டில் ஏற்றிய கதை

கிர்க், கிர்க், கிர்க்.

எனக்கு விடைகொடுக்க, என் வேலைக்கு வந்திருக்கிற நீங்கள் மூவரும் வாங்கிவந்த தகரக் குரங்கின் முதுகில் சாவியைத் திருகினேன். மூன்றாவது திருகலில் கையிலிருந்த கேக் துண்டு பாதி வழியில் நின்றுவிட்டது. அதை நெகிழ்ச்சி என்று நினைத்து நீங்கள் கைதட்டினீர்கள். நெகிழ்ச்சி இல்லை. வெட்கம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு குரங்கை நான் கூண்டில் ஏற்றினேன். அந்தக் குரங்கு என்னை இன்னும் மன்னிக்கவில்லை என்பது சாவிச் சத்தத்திலேயே தெரிகிறது.

ஐம்பத்து மூன்று வயதில் ஓய்வா என்று கேட்டீர்கள். இருபத்தாறு வருஷம் குழந்தைகள் புத்தகத்தில் பொம்மைகளை ஓடவிட்டு, பறக்கவிட்டு, கடலில் தள்ளி, மீட்டு, நான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கால் துறுதுறுக்கிறது. போகிறேன். போகிற போக்கில் ஒரு கதை சொல்லிவிட்டுப் போகிறேன். எழுத்துருவின் அளவு, வரிக்கு வரி இடைவெளி, படத்துக்கு எவ்வளவு இடம் என்பதெல்லாம் ஒரே வாரத்தில் உங்களுக்கு வந்துவிடும். அதற்கு நான் தேவையில்லை.

உங்கள் மேசைக்கு எதிரே சுவரில் ஒரு விதிப் பட்டியல் ஒட்டியிருக்கும். ஒரு வரியில் ஏழு சொல்லுக்கு மேல் கூடாது. ஒரு பக்கத்துக்கு ஒரு புதுச் சொல்தான். பொம்மைக்கு எப்படி உயிர் வந்தது என்பதை விளக்க வேண்டும். கரடி எவ்வளவு பெரிய சாகசம் செய்துவிட்டு வந்தாலும் கடைசிப் பக்கத்தில் பல் தேய்க்க வேண்டும். அந்தப் பட்டியலில் பாதியை எழுதியவள் நான். அதனால் தைரியமாகக் கிழிக்கலாம். மீதிப் பாதியை எழுதியவர்கள் குழந்தைகளைப் புகைப்படத்தில் பார்த்திருக்கிறார்கள்.

நீங்கள் யாருக்காக எழுதப்போகிறீர்கள் என்று அந்தப் பட்டியலில் இருக்காது. நான் சொல்கிறேன். நேற்றுவரை அந்தக் குழந்தைக்கு ஒரு மடி இருந்தது, கதையைப் படித்துச் சொல்ல ஒரு குரல் இருந்தது. இன்று அது மடியைத் தள்ளிவிட்டு, "நானே" என்று புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு மூலைக்குப் போகிறது. விரல் வரியின் கீழே ஊர்கிறது. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. அந்த நேரத்தில் உலகத்தில் அதைவிடத் தனியான பிராணி கிடையாது. தடுக்கினால் தூக்கிவிட ஆளில்லை, ஏனென்றால் யாரும் வரவேண்டாம் என்று சொன்னதே அதுதான். அந்த மூலைக்குள் அனுமதிக்கப்பட்ட ஒரே பெரிய மனுஷி நீங்கள். உள்ளே போய் என்ன செய்கிறீர்கள்? பல் தேய்க்கச் சொல்கிறீர்கள்.

இந்தத் தொழிலை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் என்னைவிடப் பதினோரு வயது சின்னவன். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் எங்கள் ஊர் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் வரை ரயிலில் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வருவான். அலுவலகத்தில் அவன் எழுத்தையும் படத்தையும் சேர்த்துப் பக்கம் கட்டுகிற ஆள். பாலகாட்டுக்காரன். பாலகாட் எங்கள் சுரங்க ஊரின் ஒரு பகுதி. அவன் வீட்டு ஆண்கள் இரண்டு தலைமுறையாக அங்கே தங்கச் சுரங்கத்தில், கயிறு சுற்றும் வைண்டிங் இன்ஜின் ஓட்டியவர்கள். நீங்கள் வெளியூர், அதனால் ஒரு வார்த்தை: ஷாஃப்ட் என்பது பூமிக்குள் நேராக இறங்கும் குழி. கேஜ் என்பது அந்தக் குழியில் ஆளையும் கல்லையும் இறக்கி ஏற்றுகிற இரும்புப் பெட்டி. வழியில் அது நிற்கிற ஒவ்வொரு ஆழமும் ஒரு லெவல். மேலே இன்ஜின் ஓட்டுகிறவரின் கண்ணுக்குக் கேஜ் தெரியாது. அவருக்கு மணிதான் கண். கேஜ் ஓடும்போது ஒரு மணி கேட்டால் நிறுத்த வேண்டும். நிற்கிற கேஜுக்கு இரண்டு மணி என்றால் இறக்க வேண்டும். மூன்று என்றால் ஆள் ஏறுகிறான் என்று அர்த்தம். அதற்கப்புறம் இன்ஜின் ஓடுகிற பதமே வேறு.

சுரங்கத்தை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. எங்கள் விரல்களில் மட்டும் மணி மிச்சமிருந்தது. பதிப்பக முதலாளி அறையை விட்டு வெளியே வந்தால் அவன் மேசையில் மூன்று தட்டு தட்டுவான். ஆள் வருது. நான் குறுக்கெழுத்துப் புதிரைக் கைப்பிரதிக்கு அடியில் தள்ளிவிடுவேன். கூட்டத்தில் நான் உணர்ச்சிவசப்பட்டுக் கவிதை பாடத் தொடங்கினால் ஒரே ஒரு தட்டு. நிறுத்திவிடுவேன். ஏன் என்று கேட்டதில்லை. அப்புறம் யோசித்தால் ஒவ்வொரு தடவையும் அவன் செய்தது சரியாகத்தான் இருக்கும். எனக்கு அதுதான் எரிச்சல்.

ஒருநாள் என் கைப்பிரதியைப் படித்துவிட்டு ஒரு வரியில் விரலை வைத்தான்.

"க்கா, இந்த லைன்ல ஆள் கீறானா, கல்லு கீதா?"

"புரியல."

"கல்லு ஏத்துனா சர்ருனு இழுக்கலாம். இடிச்சா இடிச்சிட்டுப் போவுது. ஆள் நிக்கிறான்னா ஜெர்க் குடுக்கக் கூடாது. இங்க ஒரு சின்னப் புள்ள நிக்குது. நீ அழகா எழுதறேன்னு சொல்லி அத்த செவுத்துல மோதுற."

இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பயிற்சி முகாம்களுக்குப் போயிருக்கிறேன். குளிர்சாதன அறை, பிஸ்கட், திரையில் வண்ண வண்ணக் கட்டங்கள். அங்கே எதையும் நான் இப்படிக் கேட்கவில்லை. நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு வரியிலும் இதைக் கேளுங்கள். ஆளா, கல்லா?

இனி என் குரங்கு.

கதை இது. சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தருகே, தொழிலாளர்கள் குடியிருந்த வரிசையில் பூட்டிக் கிடக்கிற ஒரு லைன் வீட்டில் பொம்மைகள் இருக்கின்றன. டமாரம் அடிக்கும் தகரக் குரங்கு, ஒரு காது போன துணி யானை, சக்கரம் கழன்ற நீலப் பஸ், சாவி கொடுத்தால் ஓடும் எலி. ஒருநாள் பஸ் ஷாஃப்டுக்குள் விழுந்துவிடுகிறது. குரங்கும் யானையும் கேஜில் ஏறி அதை மீட்கப் போகின்றன. மேலே எலி இன்ஜின் ஓட்டுகிறது. கீழே குரங்கு டமாரத்தில் மணி கொடுக்கிறது. எளிய கதை. இரண்டு மாதத்தில் எழுதினேன், அவன் பக்கம் கட்டினான், படங்கள் வந்தன. அச்சுக்குப் போக ஒருநாள் இருக்கும்போது முதலாளி ஒரு மொழி ஆலோசகரைப் பார்த்துவிட்டு வந்தார்.

"நல்லா இருக்காம். இங்கிலீஷ் வார்த்தைதான் கொஞ்சம் அதிகமாம். பாருங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கூடவே ஆலோசகர் எழுதிய சிறு பட்டியல் ஒன்றையும் கொடுத்தார்.

அந்தப் பட்டியலை இப்போது நீங்கள் படித்தால் சிரிப்பீர்கள். கேஜ் என்றால் கூண்டு. ஷாஃப்ட் என்றால் தண்டு. லெவல் என்றால் மட்டம். நான் சிரிக்கவில்லை. வெட்கம் வந்தது. பெங்களூரில் என் பேச்சைக் கேட்டு, "நீங்க எந்த ஊரு, உங்க தமிழ் ஒரு மாதிரியா இருக்கே" என்று கேட்டவர்கள் எல்லாரும் அந்தத் தாளுக்குப் பின்னால் வரிசையாக நிற்பதுபோல் இருந்தது. அன்று மாலை பாலகாட்டுக்காரன் கிளம்பும்வரை காத்திருந்தேன். மறுநாள் விடியற்காலையில் அவன் அச்சகத்துக்குப் போய் மை சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும், அதனால் சீக்கிரம் போய்விட்டான். அவன் போனதும் இன்னொருவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் மாற்றினேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நானே, ஆசை ஆசையாக, ஒவ்வொரு பக்கமாக.

மாற்றுகிற வேகத்தில் இன்னொன்றும் செய்தேன். பஸ்ஸைக் கண்டுபிடித்தபின் குரங்கு மணி கொடுத்து மேலே வருகிற இடத்தில் வாக்கியம் எனக்கு மொட்டையாகத் தெரிந்தது. 'டம், டம் என்று இரண்டு முறை அடித்தது குரங்கு' என்று மாற்றினேன். ஓசை உட்கார்ந்துவிட்டது. உரக்கப் படித்துப் பார்த்தேன். மேசையைத் தட்டி என்னை நிறுத்த ஆளில்லை.

மறுநாள் காலை மாரிகுப்பம் ரயிலில் பெண்கள் பெட்டியில் என் எதிரே கௌதமி உட்கார்ந்தாள். தினமும் அதே இடம்தான். ஒயிட்ஃபீல்டில் ஒரு பெரிய கம்பெனியில் துப்புரவு வேலைக்குச் சூப்பர்வைசர். என் தெருவுக்கு இரண்டு லைன் தள்ளி வீடு. அன்று பள்ளிக்கு லீவு என்பதால் மகள் யசோதராவையும் கூட்டி வந்திருந்தாள். ஏழு வயது, இரட்டைச் சடை, முகத்தில் உலகத்தின்மீது ஒரு பொதுவான சந்தேகம்.

"இன்னாக்கா கைல, புதுப் புக்கா?"

"இன்னிக்கு பிரிண்ட் ஆவுது. இது பாத்து சரி பண்றதுக்கு எடுத்த காப்பி."

கௌதமி குரலைத் தாழ்த்தினாள். பள்ளிக்கூடத்தில் மிஸ், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி இவளுக்குப் படிப்பே வராது என்று சொல்லிவிட்டாளாம். அன்றிலிருந்து இவள் கடைப் பலகையைக்கூடப் படிப்பதில்லை. கௌதமி ராத்திரியெல்லாம் உட்கார்ந்து காலண்டரை வைத்துத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்திருந்தாள். எழுத்து வந்துவிட்டது. புத்தகத்தைத்தான் தொட மாட்டேன் என்கிறாள்.

சன்னலைப் பார்த்தபடி இருந்த யசோ திரும்பினாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"இந்த ஒண்ணுதான். வரலேன்னா அப்பால நீ படின்னு கேக்கவே கூடாதும்மா."

"கேக்க மாட்டேன்."

"எப்பவும்."

"எப்பவும் கேக்க மாட்டேன்டி."

பெருமையோடு புத்தகத்தை நீட்டினேன். பெருமை என்றால் சாதாரணப் பெருமை இல்லை. ஒரு குழந்தையின் வாழ்க்கையில் விளக்கேற்றப் போகிறேன் என்கிற மாதிரி. முகத்தைக்கூட அதற்கேற்ப வைத்துக்கொண்டேன்.

வண்டி நகர்ந்தது. தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மலை வெளுத்துப்போய்ப் பின்னால் நகர்ந்தது. யசோவின் விரல் முதல் வரியில் இறங்கியது. பூட்டிய வீடு வந்தது, குரங்கு வந்தது, யானை வந்தது, பஸ் விழுந்தது. சாம்பியன் ஸ்டேஷனில் ஏறியவர்கள் இடித்துக்கொண்டு உட்கார்ந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. கௌதமி டிபன் பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஒன்பதாம் பக்கத்தில் விரல் நின்றது.

"கூ, ண், டு. கூண்டு." சரியாகத்தான் படித்தாள். மறுபடி படித்தாள். அம்மாவைப் பார்த்தாள். "குரங்கு இன்னா தப்பு பண்ணுச்சு?"

"ஏன்டி?"

"கூண்டுல போடுறாங்க."

அடுத்த வரிக்குப் போனாள். "தண்டு. தண்டுக்குள்ள எறங்குதாம். கீரைத்தண்டுக்குள்ளயா?" அதற்கும் அடுத்த வரி. "மட்டம். பத்தாம் மட்டம்." புத்தகத்தை மூடினாள். அறைந்து மூடவில்லை. மரியாதையாக, அடுத்தவர் வீட்டுக் கதவைச் சாத்துகிற மாதிரி மூடி, என் மடியில் வைத்தாள்.

"எனக்குத் தப்புத் தப்பா வருது. மிஸ் சொன்னது சரிதான்."

இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். பெரியவர்கள் புத்தகம் புரியாவிட்டால் எழுதியவனைத் திட்டுவார்கள். தானாகப் படிக்கத் தொடங்கிய குழந்தை, புத்தகம் உளறினால் தனக்குப் படிக்க வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். புகார் எழுதாது. கடிதம் போடாது. மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விடும். நீங்கள் இங்கே அந்தப் புத்தகம் நன்றாகப் போகிறது என்று கேக் வெட்டுவீர்கள்.

கௌதமி என்னைத் திட்டவில்லை. "இத்த எழுதினது யாருக்கா?" என்று கேட்டாள்.

"நான்தான்."

"நீங்க மாரிகுப்பம்தானே?"

ஆலோசகருக்கும் முதலாளிக்கும் சொல்வதற்கு என்னிடம் ஆயிரம் பதில் இருந்தது. இதற்குப் பேனாவை எடுத்தேன்.

"யசோ, நீ படிச்சது கரெக்ட். தப்பு புக்குல கீது."

"புக்குல தப்பு இருக்குமா?"

"நான் போட்டா இருக்கும்."

கூண்டை அடித்துக் கேஜ் என்று எழுதினேன். தண்டை அடித்து ஷாஃப்ட். மட்டத்தை அடித்து லெவல். அவள் என் பேனா முனையோடு கூடவே வந்தாள்.

"கேஜா. அத்த அப்படியே சொல்ல வேண்டிதானே" என்றாள். அந்தக் குரலில் இருந்த அலுப்பை விருது வாங்கிய எந்த விமர்சகரிடமும் நான் கேட்டதில்லை. புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். நான் ஒவ்வொரு பக்கமாக முன்னால் ஓடித் திருத்த, அவள் பின்னால் படித்துக்கொண்டே வந்தாள்.

கவனியுங்கள், அப்போதும் நான் அச்சகத்தைக் கூப்பிடவில்லை. மெஷின் ஓடத் தொடங்கியிருக்கும். முதலாளியிடம் என்ன சொல்வது? அடுத்த பதிப்பில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நம் தொழிலில் கோழைத்தனத்துக்கு அடுத்த பதிப்பு என்று பெயர்.

பங்காருப்பேட்டை தாண்டியது. டேக்கல் தாண்டியது. யசோவின் உதடு அசைவது நின்றிருந்தது. விரல் மட்டும் ஓடியது. கொஞ்ச நேரத்தில் விரலும் நின்றது, கண் மட்டும் ஓடியது. கௌதமி என் முழங்காலைக் கிள்ளினாள். மாலூருக்குக் கொஞ்சம் முன்னால் யசோ திடுக்கென்று நிமிர்ந்து, பெட்டி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"டேய், ரெண்டு அடிக்காத."

பூ கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்தாள். "எவன்டி அவன்?"

"குரங்கு" என்றாள் யசோ, அவளைப் பார்க்காமலேயே.

எங்கள் லைனில் குழந்தைகள் ஊஞ்சலை வைத்துக் கேஜ் விளையாட்டு ஆடுவார்கள். ஆடும்போது ஒன்று தட்டினால் நிறுத்த வேண்டும், இரண்டு தட்டினால் இறக்கிவிட வேண்டும். சுரங்கத்தையே பார்க்காத குழந்தைகள்கூட ஆடும். நானும் ஆடியவள்தான். நிற்கிற கேஜில் பஸ்ஸையும் யானையையும் ஏற்றிவைத்து, மேலே வருவதற்கு இரண்டு மணி கொடுக்கவைத்திருந்தேன், ஓசை நன்றாக இருந்ததால்.

யசோ அடுத்த வரியைப் படித்தாள். "மேல ஏறுச்சுன்னு போட்டுக் கீது. பொய்." புத்தகம் அவள் கையில் தளர்ந்தது. இந்தத் தடவை தன்மேல் பழி போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் மூடிவிடுவாள். மூடினால் எப்பவும் கேட்கக் கூடாது. கௌதமி வாக்குக் கொடுத்திருந்தாள்.

போனை எடுத்தேன். பாலகாட்டுக்காரன் எடுத்தான். பின்னால் மெஷின் தடதடவென்று ஓடியது.

"தம்பி, நிறுத்து. மணி தப்பு."

"க்கா? ஒண்ணும் கேக்கல. மெஷின் ஓடுது. அப்பால பேசு." வைத்துவிட்டான்.

என்னிடம் இருந்தது பட்டன் போன். அதில் தமிழில் எழுதி அனுப்ப எனக்கு ஒரு பகல் ஆகும். எத்தனை தாள் ஓடியிருக்கும், முதலாளி என்ன சொல்வார், வேலை இருக்குமா என்று கணக்குப் போட்டேன். கட்டைவிரல் தானாகவே அவன் எண்ணை மறுபடி அழுத்தியது. ஒரே ஒரு ரிங். வெட்டினேன்.

ஓடும்போது ஒன்று.

அவனுக்குப் புரிந்ததா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டு யசோவிடம் கேட்டேன். "ரெண்டு அடிச்சாச்சு. அப்ப இன்னா ஆவும்?"

"கீழ போவும்."

"கீழ இன்னா கீது?"

"தண்ணி. பூரா தண்ணி ரொம்பிக் கீது. எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப குரங்கும் யானையும் முழுகிடுமா?"

கீழுதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். தேவனகொந்தி வந்து, ஆட்கள் ஏறி, வண்டி கிளம்பும்வரை யோசித்தாள். "பஸ்ஸுக்கு வீல் இல்லல்ல?" என்றாள் மெதுவாக. "அப்ப அது மெதக்கும்."

கதையின் முதல் பக்கத்திலிருந்தே அந்தப் பஸ்ஸுக்குச் சக்கரம் இல்லை. நான்தான் கழற்றினேன், பாவமாக இருக்கட்டும் என்று. அது படகு என்பது இரண்டு மாதமாக எனக்குத் தெரியவில்லை. பழைய வரிகளை அடித்துவிட்டு, ஓரத்திலும் படங்களின்மேலும் பின்னட்டையின் உட்புறத்திலும் எழுதத் தொடங்கினேன். கேஜ் இருட்டுக்குள் இறங்கியது, தண்ணீர் யானையின் துணிக்காலை நனைத்தது, பஸ் மெல்ல மிதந்தது. வண்டி குலுங்கியதில் எழுத்து கோணலாகப் போனது. நான் ஒரு வரி எழுதி முடிக்கும் முன் அவள் அதைப் படித்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தாள். ஓசை பார்க்க நேரமில்லை. என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே நல்ல உரைநடை அதுதான் என்று நினைக்கிறேன்.

அச்சகத்துக்குள் நுழைந்தபோது அமைதியாக இருந்தது. மெஷின் நின்றிருந்தது. பாலகாட்டுக்காரன் காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எதிரே முதலாளி நின்றிருந்தார். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை, முகம் முழுக்கச் சுருக்கம்.

"வாங்க. நீங்க மிஸ்டு கால் குடுத்தீங்களாம். அதனால மெஷினை நிறுத்திட்டானாம். என்னன்னு கேட்டா தெரியாதுங்கறான்."

"தெரியாதுதான் சார்" என்றான் அவன். "ஓடும்போது ஒண்ணு வந்தா நிறுத்தணும். காரணம் கேட்டுட்டு அப்பால நிறுத்தறவனை எங்க ஊர்ல இன்ஜின் பக்கமே விட மாட்டாங்க." என்னைப் பார்த்தான். "கூண்டு பாத்தேன்க்கா. காலைல மொத தாள்லயே பாத்தேன். நீயே மணி அடிப்பேன்னு வெயிட் பண்ணிக்கினு இருந்தேன்."

"நீ ஏன் நிறுத்தல?"

"நான் கட்டின பக்கத்தை நீ திருட்டுத்தனமா மாத்திட்ட. நானா நிறுத்தினா அது சண்டை. நீ அடிச்சாத்தான் மணி."

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, திருத்தின காப்பி எங்கே? குடுங்க."

"என்கிட்ட இல்ல சார். ஒருத்தங்க படிச்சிட்டு இருக்காங்க."

"யாரு, ஆலோசகரா?"

"அவங்களுக்கும் மேல."

அதற்குப் பிறகு அவர் சொன்னவற்றைக் குழந்தை நூல் எழுதுகிறவர்களுக்கு நான் சொல்லக் கூடாது. அங்கேயே நின்றபடி நினைவிலிருந்து நான் சொல்லச் சொல்ல, பாலகாட்டுக்காரன் அச்சகத்தின் கம்ப்யூட்டரில் அடித்தான். இரண்டு இடத்தில் மேசையை ஒருமுறை தட்டினான். நிறுத்தினேன். கேஜ் மேலே வருவதற்குச் சரியாக எத்தனை மணி என்பதையும் அவனே போட்டான். அது எத்தனை என்று இங்கே சொல்ல மாட்டேன். அலமாரியில் புத்தகம் இருக்கிறது, எடுத்துப் படியுங்கள். அச்சில் வந்தது ரயிலில் எழுதியதைவிடக் கொஞ்சம் மட்டுத்தான். பாதி வரிகள் நினைவுக்கு வரவில்லை.

தாள் வீணானதற்காக ஒரு வருஷம் என்னைப் பொம்மைக் கதைகளிலிருந்து தூக்கி, கையெழுத்துப் பயிற்சி நோட்டுக்குப் போட்டார்கள். அ, ஆ, புள்ளிக்கோடு. கை அமைதியாக இருந்தது, மனசு இல்லை. புத்தகம் வந்த பிறகு ஒரு விழாவில் அதே ஆலோசகர் மேடையேறி, வட்டாரச் சொற்களை இவ்வளவு துணிச்சலாகக் கையாண்ட பதிப்பகத்தை மனமாரப் பாராட்டினார். முதலாளி தலையைக் குனிந்து அடக்கமாக ஏற்றுக்கொண்டார். கூட்டத்தில் என் பக்கத்து நாற்காலியின் கைப்பிடியில் மூன்று தட்டு கேட்டது. ஆள் வருது. சிரிப்பை அடக்க முடியாமல் நான் வெளியே போய்விட்டேன்.

நாளை உங்களுக்கும் ஒரு பட்டியல் வரும். கூண்டு வேறு பெயரில் வரும். யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டார்கள், பாருங்கள் என்று மட்டும் சொல்வார்கள். நீங்களே ஆசை ஆசையாக மாற்றுவீர்கள். அப்போது மேசையைத் தட்ட ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தட்டினால் நிறுத்துங்கள். காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

திருத்திய பிரதி ஏன் என் கையில் இல்லை என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. ஒயிட்ஃபீல்டு நெருங்கியபோது புத்தகத்தை என் பக்கம் இழுத்து, அவளை முந்தி வேகமாக எழுதி, வண்டி நின்றபோது கடைசி வரியை முடித்திருந்தேன். யசோவுக்குப் படிக்க இன்னும் மூன்று பக்கம் இருந்தது. புதுக் கதை இருந்தது அந்த ஒரே பிரதியில்தான். அது இல்லாமல் அச்சகத்துக்குப் போனால் என் பேச்சை யார் கேட்பார்கள்? கையை நீட்டினேன். கௌதமி புரிந்துகொண்டு, "அக்காட்ட குடுத்துடுடி, அவங்களுக்கு வேலை கீது" என்று மகளின் தோளைத் தொட்டாள்.

யசோ காதில் வாங்கவே இல்லை. புத்தகத்தில் கண்ணை வைத்தபடியே எழுந்தாள், படித்தபடியே கூட்டத்துக்குள் நகர்ந்தாள், படியில் அவள் காலை அம்மா பிடித்து இறக்கிவிட வேண்டியிருந்தது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். சன்னல் கம்பிக்கு வெளியே பிளாட்பாரத்தில் அவர்கள் நின்றார்கள். ஊதல் ஊதியது. என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"யசோ, எங்க வந்திருக்க? புரியுதா?"

அவள் நிமிரவில்லை. ஒரு விரலை மட்டும் தூக்கி என்னை நிறுத்தினாள்.

"சும்மா இருங்க ஆன்ட்டி. கேஜ் மேல வந்துக்கினு கீது."